மஞ்சள் கடுதாசி: திவால் என்னும் பிரதியும் நெசவாளியின் கணக்கு நோட்டும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் தாய்மாமன் வீட்டுக்கு 2014-இல் சப் கோர்ட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. 'மஞ்சக் கடுதாசி வந்திருக்குடா, கொஞ்சம் வந்து பாரு' என்று மாமா போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வெள்ளைத் தாள். முன்பெல்லாம் மஞ்சள் தாளில்தான் அனுப்புவார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தாளின் நிறம் எப்படியானாலும் பெயர் அப்படியே நிற்கிறது.

மாமா அந்த மனுவில் 37-ஆம் எதிர்மனுதாரர். மனுதாரர், மாமா பதினொரு வருஷம் சேலை நெய்து கொடுத்த பட்டுக் கடைக்காரர். கூலி பாக்கி ஒரு பக்கம். மாமா கடன் வாங்கி, சொந்தமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்து, 'விற்றால் பணம்' என்று அந்தக் கடையில் வைத்துவிட்டு வந்த மூன்று சேலை இன்னொரு பக்கம். அவர் கேட்ட முதல் கேள்வி இது: 'பணம் வரவேண்டியது எனக்கு. நான் இன்னாடா தப்பு பண்ணேன், எம்மேல எதுக்கு கேசு?'

எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து புறப்பட்டது. நாம் அதிகாரம் பற்றியும் சொல்லாடல் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் நம் தெருவில் ஒரு கடை இழுத்து மூடப்படும்போது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு யாரை எங்கே நிறுத்துகிறது என்று கேட்டால் பெரும்பாலும் விழிக்கிறோம். இது என்மேலான விமர்சனமும்தான்.

*

'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்', 'ஐ.பி. போட்டுட்டான்' என்று ஊரில் சொல்வது ஒன்றையேதான். ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கு 1909-இல் ஒரு சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920-இல் மாகாண நொடிப்புச் சட்டம். காஞ்சிபுரம் இரண்டாவதில் வருகிறது. 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. ஆனாலும் சாதாரணத் தனிமனிதர்களைப் பொறுத்தவரை அதன் பகுதிகள் நடைமுறைக்கு வராததால், வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் வருஷச் சட்டம்தான் இன்றும் மொபசல் கோர்ட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

500 ரூபாய் கடன் இருந்தால் போதும், கடனாளி தானே மனுப் போடலாம். கடன் கொடுத்தவனும் போடலாம்; அதற்குக் கடனாளி 'நொடிப்புச் செயல்' ஒன்றைச் செய்து மூன்று மாதத்துக்குள் மனு வரவேண்டும். கடனாளி மனுப் போட்டால் கடன் கொடுத்த எல்லோரும் எதிர்மனுதாரர்கள். மாமா 37-ஆவது ஆனது இப்படித்தான். கோர்ட் அவரை நொடித்தவர் என்று அறிவித்துவிட்டால் சொத்து அஃபிஷியல் ரிசீவர் கைக்குப் போகிறது. அதன்பின் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் எந்தக் கடன்காரனும் தனியாக வழக்குப் போட முடியாது. கைதுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடமானம் வைத்து வாங்கியவனை இச்சட்டம் தொடுவதில்லை. வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் வங்கி தன் வழியில் போகும். வெறும் கையோடு நம்பியவர்கள்தான் ரிசீவர் வாசலில் நிற்பார்கள்.

இது முழுக்க மோசடிக்கான சட்டம் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியல்ல. கடன்பட்டவனின் உடலைக் கடன்காரனிடமிருந்து பிடுங்கி எடுத்த நீண்ட வரலாறு இதற்குப் பின்னால் இருக்கிறது. பழைய ரோமாபுரியின் பன்னிரண்டு பலகைச் சட்டம், கடனடைக்காதவனைக் கடன்காரர்கள் கூறுபோட்டுக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் போனது. சார்லஸ் டிக்கன்ஸின் அப்பா 1824-இல் லண்டன் மார்ஷல்ஸீ கடன் சிறையில் கிடந்தார்; பன்னிரண்டு வயதுப் பையன் வேலைக்குப் போனான். நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலும் கடனுக்காகச் சிவில் சிறை உண்டு. கெட்ட எண்ணம் இல்லாமல் வெறுமனே ஏழையாக இருப்பவனை அதில் அடைக்கக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. ஆக 'மஞ்சள் கடுதாசி' என்பது உடலை விடுவித்து, அதன் இடத்தில் ஒரு காகிதத்தை வைக்கும் ஏற்பாடு. கேள்வி, யாருடைய உடல் விடுவிக்கப்பட்டது என்பதே.

ஜெர்மன் மொழியில் 'கடன்' என்பதும் 'குற்றம்' என்பதும் ஒரே வேரில் நிற்பதை நீட்ஷே எடுத்துக் காட்டி, அறவியலின் பிறப்பிடமே கடன்காரன் - கடனாளி உறவுதான் என்று வாதிட்டார். தமிழில் கடன், கடமை. பிதிர்க்கடன், காலைக்கடன் எல்லாம் இதே சொல்தான். குற்றம் என்பதைவிடக் கடமை என்பது இன்னும் இறுக்கமான கயிறு. குற்றத்துக்கு மன்னிப்பு உண்டு. கடமையிலிருந்து விடுதலை கேட்பவனுக்கு நம்மிடம் ஒரு நல்ல சொல்கூட இல்லை. கடன்பட்டவனின் நெஞ்சை இலங்கை வேந்தனுக்கு உவமையாக்கும் ஒரு வரியை மேடைதோறும் கம்பன் பேரில் முழங்குகிறார்கள். அது கம்பனில் இல்லை. இல்லாததைக் கம்பன் தலையில் கட்டியாவது கடனாளியைக் கலங்க வைத்துப் பார்ப்பதில் நமக்கு ஒரு திருப்தி.

*

நோட்டீஸோடு நான் போய்ப் பார்த்தது ஒரு வக்கீலை. நாற்பது வருஷமாக ஐ.பி. கேஸ்தான் அதிகம் பார்த்தவர் என்றார்கள். கடனாளிக்கும் ஆஜராவார், கடன்காரனுக்கும் ஆஜராவார். அவர் பேச்சில் ஒளிவுமறைவில்லை.

'கடன் வாங்கறதுக்கு ஒரு முகம் வேணும் தம்பி. ஐ.பி. கொடுக்கறதுக்கும் ஒரு முகம் வேணும். உங்க மாமாவுக்கு ரெண்டாவது முகம் கிடையாது.'

அவர் தொழிலை விவரித்தபோது ஓர் எழுத்தாளரின் பட்டறைக்குள் நிற்பதுபோல இருந்தது. மனு என்பது ஒரு வறுமைக் கதையாடல். ஓர் அட்டவணையில் கடன்காரர்கள், இன்னொன்றில் சொத்து. சொத்து அட்டவணையில் உடுதுணி, சமையல் பாத்திரம், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஐம்பது லட்சத்துக்கு வியாபாரம் பண்ணியவரின் வாழ்க்கை ஐந்து வரியில் முடியும். வீடு மனைவி பேரிலும், கார் மச்சான் பேரிலும் இருக்கும். இதைச் சட்டமும் அறியாமல் இல்லை. மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்தில் செய்த கைமாற்றங்களை 53-ஆம் பிரிவில் ரிசீவர் ரத்துசெய்ய வைக்கலாம். நொடித்துப்போகும் நேரத்தில் ஒரு கடன்காரனுக்கு மட்டும் சலுகை காட்டியிருந்தால், மூன்று மாத எல்லைக்குள், 54-ஆம் பிரிவில் அதையும் உடைக்கலாம். எனவே திறமை என்பது நாட்களை எண்ணுவதில் இருக்கிறது. எப்போது மனுப் போடுவது என்று முடிவு செய்பவர் வக்கீல். 53-ஆம் பிரிவுக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு: திருமணத்துக்கு முன், அத்திருமணத்தை முன்னிட்டுச் செய்த மாற்றங்களைத் தொடக்கூடாது. கல்யாணப் பட்டுக்குப் பேர்போன ஊரில் இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது.

இந்த வக்கீலை வில்லனாக்கி எழுதுவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. மாமாவிடம் அவர் பீஸ் வாங்கவில்லை. மேலும் அவர் மரபு சின்ன மரபுமல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. பென்ஷன்காரர்கள், விதவைகள், மிராசுதார்கள் என ஆயிரக்கணக்கானவர்களின் பணம் அதில் இருந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. கடன்காரர்களுக்காக முன்னின்றவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் பாரிஸ்டர் அல்ல, வக்கீல். பாரிஸ்டர் என்றால் லண்டனில் 'இன்' ஒன்றில் சேர்ந்து பட்டம் பெற்று வந்தவர். வக்கீல் என்றால் உள்ளூர்ப் படிப்பு. 1961-ஆம் வருஷ வழக்கறிஞர்கள் சட்டம் வந்து இந்த வித்தியாசத்தைத் துடைக்கும்வரை அது நிறமும் வர்க்கமும் கலந்த வித்தியாசம். அந்தத் திவாலின் இடிபாட்டிலிருந்துதான் 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. 1909-ஆம் வருஷச் சட்டமும் இதற்கு அடுத்த மூன்றாம் வருஷம்தான் வருகிறது. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் அண்ணாதுரை பிறந்ததும் அந்த 1909-இல்தான். இதில் தற்செயலைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனாலும் ஒரே வருஷத்தில் இரண்டு வரலாறுகள் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று லண்டன் கிரேஸ் இன் பக்கம் 'சவுத் ஸ்கொயர்' என்ற சேம்பர்ஸ் முழுக்கத் திவால் வழக்குகளுக்கென்றே பேர்பெற்றது. லேமன் பிரதர்ஸ் விழுந்தபின் நடந்த வழக்குகளில் அங்குள்ள பாரிஸ்டர்கள் வாதாடினார்கள். நம் பக்கமும் 2016 சட்டத்துக்குப்பின் கம்பெனித் திவால் என்பது தனித் தொழிலாகவே ஆகியிருக்கிறது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள்: போதாத பணத்துக்கு முன்னால் நிற்பவர்களை வரிசைப்படுத்துகிறார்கள். திவால் சட்டம் என்பது வரிசையின் சட்டம்.

*

நெசவாளி அந்த வரிசையில் எங்கே நிற்கிறான்?

1920-ஆம் வருஷச் சட்டத்தின் 61-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். முதலில் அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேரவேண்டியது. அதோடு சமமாக, குமாஸ்தா, வேலைக்காரர், தொழிலாளி ஆகியோரின் சம்பள பாக்கி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனுவுக்கு முந்தைய நான்கு மாத வேலைக்கு, ஆளுக்கு மொத்தம் 20 ரூபாய்க்கு மிகாமல் என்று மூலச் சட்டம் எழுதியிருக்கிறது. 1920-இல் 20 ரூபாய் ஒரு தொகை. இன்று ஒரு கட்டு வெற்றிலை. மீதியை அவன் பொதுக் கடன்காரர்களோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இருபதாவது கிடைக்குமா என்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. நெசவாளி 'தொழிலாளியா'? தறி அவன் வீட்டில், அவன் குழியில். கோர்வை நெய்ய மறுபக்கம் உட்காருவது அவன் மனைவியோ பிள்ளையோ. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. சேலைக்கு இவ்வளவு என்று பேச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் இதை 'ஜாப் ஒர்க்', ஒப்பந்தம் என்பார். வீட்டுக்குள்ளேயே தொழிற்சாலை இருப்பதால் அவன் தொழிலாளி இல்லாமல் போகிறான்.

அடுத்தது அந்த மூன்று சேலை. 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு ஒன்றைச் சொல்கிறது. உண்மையான சொந்தக்காரனின் சம்மதத்தோடு, வியாபாரத்தில், நொடித்தவனின் வசம் இருக்கும் சரக்கு, ஊரார் கண்ணுக்கு அவனே உடைமையாளன் என்று தோன்றும் நிலையில் இருந்தால், அது அவன் சொத்தாகவே கொள்ளப்படும். கடன்காரர்கள் எல்லோருக்கும் பங்காகும். கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையைப் பார்த்து யாரும் 'இது பிள்ளையார்பாளையத்துக்காரர் சேலை' என்று சொல்லமாட்டார்கள். எனவே மாமாவின் பட்டு கடைக்காரரின் கடனை அடைக்கப் போகிறது.

இதே பிரிவைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். நொடித்துப்போனது நெசவாளி என்று வைத்துக்கொள்வோம். அவன் தறியில் ஏறியிருக்கும் பாவு, முதலாளி கொடுத்த பட்டு, அவன் வசம்தானே இருக்கிறது? அவன் கடன்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளலாமா? முடியாது. ஒரு தொழிலில் பிறர் சரக்கை வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்றால், உடைமையாளன் என்ற தோற்றமே எழவில்லை என்று வாதிடலாம். காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும், நெசவாளி கையில் இருப்பது நெசவாளியுடையது அல்ல. கடைக்காரன் கையில் இருப்பதெல்லாம் அவனுடையது என்பதும் எல்லோருக்கும் 'தெரியும்'. சட்டம் இங்கே புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரின் பார்வையையே விதியாக எழுதிக்கொண்டது. கருத்தியல் என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கைவினைஞனின் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. நொடிப்புச் சட்டமும் அதை ஏற்கிறது. தறியை எடுத்துக்கொண்டு போக முடியாது. அச்சும் நாடாவும் மிஞ்சும். பாவு போட யாராவது பட்டு கொடுத்தால் நெய்யலாம்.

*

அப்படியானால் நெசவாளியே ஏன் மஞ்சள் கடுதாசி கொடுப்பதில்லை? 500 ரூபாய்க்கு மேல் கடன் இல்லாத தறி வீடு அபூர்வம். வக்கீலிடம் இதைக் கேட்டேன். 'எந்தக் கடனுக்குக் கொடுப்பாரு?' என்று திருப்பிக் கேட்டார்.

மீட்டர் வட்டிக்காரன் கோர்ட்டுக்கு வருபவன் அல்ல. அவனைத் தடுக்க 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அது வேறு கதை. நெசவாளியின் ஆதாரக் கடன் முதலாளியிடம் வாங்கிய 'அட்வான்ஸ்'. கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்கியது. அதற்குப் புரோ நோட்டு பெரும்பாலும் கிடையாது. கூலியில் கழியும், கழிந்ததும் மறுபடி ஏறும். அது தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்யக் கூடாது. போனால் புது முதலாளி பழைய முதலாளிக்கு அதைக் கட்டி ஆளை மாற்றிக்கொள்வார். இது கடனா, கட்டா? 1976-ஆம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி பார்த்தால், கொத்தடிமைக் கடன் என்று நிரூபணமானால் அது அந்தக் கணமே இல்லாமல் போகிறது. திருப்பிக் கட்டவே வேண்டாம். திவால் சட்டத்தைவிடப் பெரிய விடுதலை. ஆனால் முதலாளி தன் விடுதலையை வக்கீல் வைத்து, தான் தேர்ந்தெடுத்த நாளில், ஒரு மனுவால் வாங்கிக்கொள்கிறார். நெசவாளியோ ஓர் அதிகாரி வந்து பார்த்து, 'நீ கொத்தடிமைதான்' என்று சான்றிதழ் தரக் காத்திருக்க வேண்டும். பட்டுத் தொழிலில் அட்வான்ஸுக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்ததைப் பற்றி 2003-இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையே எழுதியது.

இங்கே எனக்குப் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் ஞாபகம் வருகிறது. பக்தியை ஒதுக்கிவைத்து ஒரு வழக்காக அதை வாசித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, மாப்பிள்ளை தனக்கு வழிவழி அடிமை என்கிறார். ஆதாரம் ஓர் ஓலை. சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது படியோலை, மூலம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவர் எடுத்து நீட்டுகிறார். பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சபை தீர்ப்புச் சொல்கிறது. சுந்தரர் தோற்கிறார். தோல்வி அருளாக மாறுவது கதையின் மாயம். எனக்கு முக்கியம், எழுத்து யார் கையில் இருந்தது என்பது. பாட்டன் எழுதிக்கொடுத்ததைப் பேரன் பார்த்ததே இல்லை.

மாமாவின் கணக்கும் ஒரு நோட்டில்தான் இருந்தது. அட்வான்ஸ், கொடுத்த பட்டின் எடை, வந்த சேலை, கூலி, கழிவு. அந்த நோட்டு எப்போதும் கடையில் இருக்கும். மாமாவுக்குச் சேரவேண்டியது, அவர் மனக்கணக்கில், 41,000 ரூபாய். மனுவின் அட்டவணையில் அவர் பெயருக்கு நேராக 11,000. மூன்று சேலையைப் பற்றிய பேச்சே இல்லை. முதலாளி கடன்காரராக இருந்தபோதும் நோட்டு அவரிடம்; கடனாளி ஆனபோதும் அவரிடமே. கடன்பட்டவரே, தான் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதன் ஆசிரியர். 'ஆசிரியனின் மரணம்' பற்றி நாம் எழுதியதையெல்லாம் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது.

புதிய சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 சட்டத்தின் 80-ஆம் பிரிவில் 'புதுத் தொடக்கம்' என்றொரு ஏற்பாடு உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், தகுதியுள்ள கடன் 35,000-க்குள், சொந்த வீடு இல்லை என்றால், கடனைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். வாடகை வீட்டில் தறி போட்ட ஒருவரைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். எழுதியதோடு சரி, அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2019 டிசம்பரில் தனிநபர் பகுதி அமலானது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். கம்பெனித் திவாலிலோ, கடன்காரர் குழுவில் வங்கிபோன்ற நிதிக் கடன்காரர்களுக்குத்தான் ஓட்டு. சரக்கும் உழைப்பும் கொடுத்தவன் 'செயல்பாட்டுக் கடன்காரன்'. அவன் மனுப் போட 2016-இல் ஒரு லட்சம் பாக்கி இருந்தால் போதும். 2020 மார்ச்சில் அதை ஒரு கோடியாக்கினார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு எத்தனை சேலை நெய்யவேண்டும் என்று மாமா கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரில், பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவுக்காரர்களையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 191-ஆம் உறுப்பும், விடுவிக்கப்படாத நொடித்தவர் சட்டமன்றத்துக்குப் போகமுடியாது என்கிறது. கணக்குக் காட்டுவது என்பது குடிமகனாக இருப்பதன் நிபந்தனை என்ற எண்ணம் பழையது. கணக்கு நோட்டைத் தன் கையில் வைத்திருக்கவே வழியில்லாதவனைப் பற்றி இரண்டு சாசனங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

*

கடைக்காரர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டார். விடுவிப்பு கேட்டு மனுப் போடக் கோர்ட் கொடுத்த கெடுவுக்குள் அவர் போடவில்லை. 43-ஆம் பிரிவில் அறிவிப்பு ரத்தானது. இதற்குள் சில வருஷங்கள் ஓடிவிட்டன. ரிசீவரிடமிருந்து மாமாவுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

ரத்தானால் நல்லதுதான், இனி நாம் தனியாக வழக்குப் போடலாமே என்று மாமாவை அழைத்துக்கொண்டு மறுபடி அந்த வக்கீலிடம் போனேன். கடைக்காரர் நொடித்தவராக இருந்த காலத்தைக் காலவரைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள 78-ஆம் பிரிவு இடம் தருகிறது என்று எங்கோ படித்திருந்தேன். வக்கீல் பிரிவைப் புரட்டி, அதன் கீழே இருந்த விதிவிலக்கைக் காட்டினார். ரிசீவர் முன் நிரூபிக்கக்கூடியதாக இருந்தும் நிரூபிக்காமல் விட்ட கடனுக்கு அந்தச் சலுகை இல்லை.

'அப்போ ப்ரூஃப் ஆஃப் டெட் அஃபிடவிட் போட்டீங்களா, ஐயா?' என்று மாமாவைக் கேட்டார்.

'எதை வச்சி போடறது சார்? நோட்டு அவருகிட்ட இல்ல இருக்குது.'